புரோட்வோட்டர் ஃபார்ம்: ஒரு தொடர்மாடி தன் பெயரை மீட்ட வரலாறு

விலாசத்தைச் சொன்னதும் கேட்டவரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது, வாடகைக்கு வீடு தேடும்போது, "ஆ, அந்தப் பக்கமா?" என்ற ஒரு கேள்வியோடு கதை முடிந்துவிடும். அந்தக் குடியிருப்பில் ஆயிரம் வீடுகள் இருக்கலாம். அவற்றில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வீடுகளில் விடியற்காலையில் எழுந்து உழைக்கப் போகிறவர்கள் இருக்கலாம். ஆனாலும் ஊருக்குப் பெயர் வைப்பது மிச்சமுள்ள பத்து வீடுகள்தான்.

கெட்டுப்போன பெயரை ஒரு குடியிருப்பு திரும்ப எடுக்க முடியுமா? முடியுமென்றால் அதை யார் செய்வது? பத்திரிகையில் நல்ல செய்தி வந்தால் போதுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிறவர்கள் அறிய வேண்டிய வரலாறு ஒன்று வட லண்டனில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

டொட்டன்ஹாம் என்றால் நம் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டக் கழகம்தான் நினைவுக்கு வரும். அதே டொட்டன்ஹாமில், ஹரிங்கே நகரசபையின் எல்லைக்குள் இருக்கிறது புரோட்வோட்டர் ஃபார்ம் என்ற தொடர்மாடிக் குடியிருப்பு. பெயரில் 'பண்ணை' இருந்தாலும் இருப்பதெல்லாம் கொன்கிரீட். 1967 இல் கட்டத் தொடங்கி 1970களின் தொடக்கத்தில் முடித்தார்கள். 12 கட்டடங்கள், 1,063 வீடுகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட விமானத் தளங்களின் பெயர்களைக் கட்டடங்களுக்குச் சூட்டினார்கள்: டங்மியர், நோர்தோல்ட், கென்லி, குரொய்டன் என்று.

அந்த நிலத்தினூடாக மொசல் என்ற சிற்றாறு ஓடுகிறது. வெள்ளம் வந்தால் வீடுகளுக்குள் புகுந்துவிடும் என்று, முழுக் குடியிருப்பையும் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். தரைமட்டம் வாகனங்களுக்கு, அதற்கு மேலுள்ள தளம் மனிதர்களுக்கு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரையில் கால் வைக்காமலே போகலாம். வானத்தில் ஒரு தெரு போட்டதுபோல நடைபாதைகள் எல்லாவற்றையும் இணைத்தன. கடைகளும் டங்மியர் கட்டடத்தின் மேல்தளத்தில்தான். வரைபடத்தில் பார்த்தால் அழகு. அக்காலக் கட்டடக் கலைஞர்கள் இதை நாளைய நகரம் என்று நம்பினார்கள்.

வாழப் போனவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது. கூரை ஒழுகியது. சுவரில் ஈரம் ஏறியது. பூச்சித் தொல்லையும் மின்சாரக் கோளாறும் ஓயவில்லை. தூண்களுக்கு நடுவேயிருந்த வாகனத் தரிப்பிடம் பகலிலும் இருட்டு. மேல்நடைபாதைகளில் பணப்பையைப் பறித்தவன் நாலு திசையிலும் தப்பி ஓடலாம். சில ஆண்டுகளுக்குள்ளேயே, அங்கே வீடு தருகிறோம் என்று நகரசபை சொன்னாலும் பாதிக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் வேறிடம் கேட்டு மனுப் போட்டார்கள். வேறு வழியில்லாதவர்களே வந்து சேர்ந்தார்கள்: தனித்து நின்ற தாய்மார், வேலையற்றோர், கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள். 1976 இல், அதாவது திறந்து பத்து ஆண்டுகூட ஆகாத நிலையில், இதை இடித்துத் தள்ளுவதே தீர்வு என்று பிரித்தானிய அரசின் சுற்றாடல் திணைக்களம் முடிவுக்கு வந்தது.

கட்டடம் பழுதாகும் முன்பே பெயர் பழுதாகிவிட்டது. ஒரு தடவை 'அந்த இடம்' என்று ஆகிவிட்டால், கூரையைத் திருத்தக் காசு ஒதுக்கவும் அதிகாரிகளுக்கு மனம் வராது. திருத்தாத கூரை இன்னும் ஒழுகும். ஒழுகும் கூரையைப் பார்த்துப் பெயர் இன்னும் கெடும். இந்தச் சுழலைத் தாமாகவே உடைக்கத் துணிந்தவர்கள் குடியிருப்பாளர்கள்தான்.

முதல் மீட்சி

1981 இல் டொலி கிஃபின் என்ற பெண்மணி புரோட்வோட்டர் ஃபார்ம் இளைஞர் சங்கத்தை ஆரம்பித்தார். ஜமைக்காவில் பிறந்து பிரித்தானியாவுக்கு வந்தவர், அந்தக் குடியிருப்பிலேயே வாழ்ந்த ஒரு தாய். வேலையில்லாமல் நடைபாதைகளில் நின்ற இளைஞர்களைப் பார்த்து மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டபோது, அவர் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அந்தச் சங்கம் முதலில் செய்த காரியங்களில் ஒன்று நம் கவனத்துக்குரியது. குடியிருப்பில் தனியே வாழ்ந்த வயோதிபர்களுக்கு உணவு கொடுத்தார்கள். அந்த வயோதிபர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். இளைஞர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். யாரைக் கண்டு பயந்து கதவைப் பூட்டினார்களோ, அவர்களே சாப்பாட்டோடு கதவைத் தட்டினார்கள். பத்திரிகைக்கு அறிக்கை அனுப்புவதற்கு முன், பக்கத்து வீட்டாரின் மனதில் இருந்த பெயரை மாற்றினார்கள்.

பிறகு சலவை நிலையம், சிகை அலங்கார நிலையம், உணவுக் கூட்டுறவு என்று சிறு தொழில்கள் வந்தன. நகரசபையோடு சண்டையும் பிடித்தார்கள், பேசியும் பார்த்தார்கள். எங்கோ தூரத்தில் இருந்த வீடமைப்பு அலுவலகத்தைக் குடியிருப்புக்கு உள்ளேயே கொண்டுவர வைத்தார்கள். முறைப்பாடு சொல்ல பஸ் ஏறிப் போகும் நிலை மாறியது. திருத்த வேலைகள் வேகமெடுத்தன. காலியாகக் கிடந்த வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். திருட்டுக் குறைந்தது.

வெளியார் வரத் தொடங்கினார்கள். அமைச்சர்கள், அதிகாரிகள், மற்ற நகரசபைகளின் பிரதிநிதிகள் எல்லோருக்கும் இது பார்க்க வேண்டிய இடமாயிற்று. 1985 பெப்ரவரியில் இளவரசி டயானாவே வந்து போனார். கமராக்கள் வந்தன, படங்கள் வந்தன. இடித்துத் தள்ளச் சொன்ன இடம் ஒன்பது ஆண்டுகளில் முன்மாதிரியாகிவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை நமக்கு இருந்திருக்காது.

ஒரே இரவு

வீடுகளின் நிலை திருந்தியதே தவிர பொலிஸாருக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் இடையிலான உறவு திருந்தவில்லை. தெருவில் நிறுத்திச் சோதிப்பது அன்றாட நிகழ்வாக இருந்தது. 1985 செப்டெம்பர் 28 ஆம் திகதி தென் லண்டனின் பிரிக்ஸ்டனில், மகனைத் தேடி வீட்டுக்குள் புகுந்த பொலிஸார் செரி குரோஸ் என்ற தாயைச் சுட்டதில் அவர் நடக்க முடியாதவரானார். அங்கே கலவரம் வெடித்தது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஒக்டோபர் 5 ஆம் திகதி, டொட்டன்ஹாமில் ஃபுளோய்ட் ஜரட் என்ற இளைஞர் வாகன வரிப் பத்திரம் தொடர்பான சந்தேகத்தில் கைதானார். இளைஞர் சங்கத்தோடு இணைந்து வேலை செய்தவர் அவர். பொலிஸார் அவருடைய தாயின் வீட்டைச் சோதனையிடப் போனார்கள். அந்த வீடு குடியிருப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் இருந்தது. சோதனையின்போது தாய் சிந்தியா ஜரட், வயது 49, விழுந்து மாரடைப்பால் இறந்தார். பொலிஸ்காரர் தள்ளியதால் விழுந்தார் என்றது குடும்பம், பொலிஸார் மறுத்தார்கள். மரண விசாரணை ஜூரிகள் பின்னர் விபத்து மரணம் எனத் தீர்ப்பளித்தார்கள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை புரோட்வோட்டர் ஃபார்மில் பெரும் கலவரம். பெட்ரோல் குண்டுகள், கற்கள், துப்பாக்கிச் சூடுகூட. இரவு பத்து மணியளவில் டங்மியர் கட்டடத்தின் கடைத்தளத்தில் தீ பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களுக்குக் காவலாகச் சென்ற பொலிஸ் அணியைக் கூட்டம் ஒன்று துரத்தியது. பின்வாங்கும்போது தடுக்கி விழுந்த கீத் பிளேக்லொக் என்ற பொலிஸ்காரரைச் சூழ்ந்து கத்திகளாலும் வேறு ஆயுதங்களாலும் வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு மனைவியும் மூன்று ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். 1833 ஆம் ஆண்டுக்குப் பிறகு பிரித்தானியாவில் கலவரம் ஒன்றில் கொல்லப்பட்ட முதல் பொலிஸ்காரர் அவர்தான்.

இது கொடூரமான கொலை. அதைச் சின்னதாக்கிப் பேச எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் சில டசின் பேர். குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். மறுநாள் காலையில் இந்தக் கணக்கைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பெயர் நான்கு மணித்தியாலத்தில் போயிற்று. யாரோ செய்த பாதகத்துக்கு அக்கம்பக்கம் முழுவதும் தலைகுனிந்து பதில் சொல்ல வேண்டி வருவது எப்படி இருக்கும் என்பதை விளக்க நமக்கு அதிக வார்த்தைகள் தேவையில்லை.

பத்திரிகைகள் எழுதிய பெயர்

அடுத்த வாரங்களில் பிரித்தானியப் பத்திரிகைகளின் முதற்பக்கங்கள் முழுவதும் இந்தக் குடியிருப்புத்தான். துக்கமும் கோபமும் நியாயமானவை. ஆனால் அவற்றோடு சேர்ந்து இனத்துவேசமும் வந்தது, சரிபார்க்காத கதைகளும் வந்தன. எட்டு மாதங்களுக்கு முன் முன்மாதிரி என்று எழுதப்பட்ட இடம் இப்போது மனிதர் வாழாத காடுபோல எழுதப்பட்டது. வயோதிபர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன கதை எவருக்கும் நினைவில்லை.

ஒரு பேச்சு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கும் இங்கே ஓர் உதாரணம் உண்டு. அப்போது ஹரிங்கே நகரசபையின் தலைவராக இருந்தவர் பேர்னி கிராண்ட். கயானாவில் பிறந்தவர், பிரித்தானியாவில் ஒரு நகரசபையின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். கலவரத்துக்குப் பின் பேசியபோது, பொலிஸார் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாகவே இங்குள்ள இளைஞர்கள் நினைக்கிறார்கள் என்ற கருத்துப்பட ஒரு வசனம் சொன்னார். இளைஞர்களின் மனநிலையை எடுத்துச் சொன்னதாக அவர் விளக்கினார். அவரே கொண்டாடிச் சொன்னதாகப் பத்திரிகைகள் போட்டன. அதிலிருந்து அந்த ஒரு வசனம் அவர் சாகும்வரை அவரைத் துரத்தியது. 1987 இல் டொட்டன்ஹாம் மக்கள் அவரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பது வேறு விடயம். ஆனால் சவப்பெட்டி வீட்டில் இருக்கும் நேரத்தில் சொல்லும் வார்த்தையை எப்படிச் சொன்னாலும் எதிராளி தனக்கு வேண்டிய பாதியைத்தான் எடுப்பான். சமூகத்தின் சார்பில் ஒலிவாங்கி பிடிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

குடியிருப்புக்குள் நிலைமை இன்னும் மோசம். 300 க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 200 க்கும் மேற்பட்ட வீடுகள் சோதனையிடப்பட்டன. சிறுவர்கள்கூட சட்டத்தரணி இல்லாமல், பெற்றோர் இல்லாமல் விசாரிக்கப்பட்டார்கள். 1987 மார்ச்சில் வின்ஸ்டன் சில்கொட், எங்கின் ரகிப், மார்க் பிரைத்வைட் ஆகிய மூவருக்கு பிளேக்லொக் கொலைக்காக ஆயுள் தண்டனை. சில்கொட்டின் முறைத்த முகத்தைக் காட்டும் ஒரு படத்தைப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பப் போட்டன. ஆண்டுக்கணக்கில் அந்தப் படமே புரோட்வோட்டர் ஃபார்மின் முகமாக இருந்தது.

பதில் சொன்ன விதம்

இந்த நிலையில் மக்கள் மூன்று வழிகளில் பதில் சொன்னார்கள்.

முதலாவது, தங்கள் கதையைப் பதிவு செய்தார்கள். பகிரங்க விசாரணை நடத்த அரசாங்கம் மறுத்தபோது, கிஃபோர்ட் பிரபு என்ற சட்டத்தரணியின் தலைமையில் சுயாதீன விசாரணைக் குழுவை நகரசபை அமைத்தது. பொலிஸார் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் குடியிருப்பாளர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 1986 இல் வெளியான அறிக்கை, கலவரத்துக்கு முந்திய முன்னேற்றத்தையும், சிந்தியா ஜரட்டின் மரணத்தையும், பொலிஸ் நடவடிக்கைகளையும், பத்திரிகைகள் எழுதிய விதத்தையும் ஆராய்ந்தது. பத்திரிகைத் தலைப்புகள் ஒரு நாளில் பழசாகிவிடும். ஓர் அறிக்கை நூலகத்தில் இருக்கும். இன்று யார் இந்த வரலாற்றை எழுதினாலும் அந்த அறிக்கையைத் தாண்டிப் போக முடியாது.

இரண்டாவது, நீதிமன்றத்தில் நின்றார்கள். இளைஞர்கள் அமைத்த பாதுகாப்பு இயக்கம் கைதானவர்களுக்குச் சட்டத்தரணிகளைத் தேடியது. மூவரின் குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் கூட்டம் கூட்டமாகப் போய் விளக்கினார்கள். கடைசியில் விஞ்ஞானம் உதவிக்கு வந்தது. ஒரு தாளில் எழுதும்போது அதற்கு அடியிலுள்ள தாளில் பதியும் கண்ணுக்குத் தெரியாத அழுத்தங்களை மின்னேற்றத்தின் மூலம் வெளிப்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. சில்கொட்டின் விசாரணைக் குறிப்புகளில் முக்கியமான பக்கங்கள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் எழுதப்பட்டவை அல்ல என்று அது காட்டியது. 1991 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவரின் தண்டனைகளையும் இரத்துச் செய்தது. ரகிப்பும் பிரைத்வைட்டும் வெளியே வந்தார்கள். சில்கொட் வேறொரு கொலை வழக்கில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்ததால் 2003 வரை சிறையில் இருந்தார். குறிப்புகள் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரண்டு பொலிஸ் அதிகாரிகளும் 1994 இல் விடுவிக்கப்பட்டார்கள். 2014 இல் இன்னொருவர் மீது நடந்த வழக்கிலும் விடுதலைத் தீர்ப்பே வந்தது. பிளேக்லொக்கைக் கொன்றதற்காக நிலைத்து நிற்கும் ஒரு தீர்ப்பும் இன்றுவரை இல்லை. நம்பத்தகாத சாட்சியத்தால் அவசரமாக முடித்த வழக்கு, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் நீதி தரவில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. குடியிருப்பைத் திரும்பக் கட்டினார்கள்.

கல்லும் மண்ணும் கையும்

கலவரத்துக்குப் பின் ஏறத்தாழ 33 மில்லியன் பவுண் செலவில் புனரமைப்பு நடந்தது. அப்போது பிரித்தானியாவில் ஒரு விவாதம் சூடாக இருந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் அலிஸ் கோல்மன் என்ற புவியியலாளர், இப்படியான கட்டட அமைப்பே குற்றத்தை வளர்க்கிறது, நடைபாதைகளை அகற்றுங்கள் என்று 1985 இல் ஒரு நூல் எழுதியிருந்தார். கட்டடத்தை மாற்றினால் மனிதர் மாறுவாரா என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். புரோட்வோட்டர் ஃபார்மில் இரண்டையும் செய்தார்கள். மேல்நடைபாதைகளை இடித்தார்கள். கடைகளை மேல்தளத்திலிருந்து தரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தரைமட்டத்தில் ஒழுங்கான வாசலும், வருவோர் போவோரைக் கவனிக்க ஆளிருக்கும் வரவேற்பு மேசையும் வந்தன. திட்டங்களைப் பற்றிக் குடியிருப்பாளர்களோடு பேசினார்கள். வேலையின் ஒரு பங்கையாவது அங்கு வாழ்ந்தவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று மக்கள் கேட்டுப் பெற்றார்கள். தன் கையால் பூசிய சுவரில் கிறுக்க எவனுக்கும் மனம் வராது.

சுவர்களும் பேசத் தொடங்கின. துருக்கியப் பெண் ஓவியர் குல்சூன் எர்பில், காந்தி, மார்ட்டின் லூதர் கிங், ஜோன் லெனன், பொப் மார்லி ஆகியோரின் உருவங்களோடு ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தார். இன்னொரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதும் ஒரு நீர்வீழ்ச்சி. பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எரிந்த கார்களையும் இருண்ட தூண்களையும்தான் தேடினார்கள். இப்போது அவர்களுடைய கமரா திரும்பும் பக்கத்தில் வேறு ஏதோ இருந்தது.

பெரிய சமூக நிலையம் ஒன்று எழுந்தது. அங்கே கிளாஸ்ஃபோர்ட் ஸ்டேர்லிங் என்ற இளைஞர் பணியாளர் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கினார். ஒன்றிரண்டு வருடமல்ல, பல பத்தாண்டுகள். அவருடைய அணிகளிலிருந்து தொழில்முறைக் கழகங்களுக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளியூர் அணிகள் விளையாட வந்தன. 'அந்த இடத்துக்கு' பிள்ளையை அனுப்பத் தயங்கிய பெற்றோர், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கைதட்டி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போய்ச் சொன்ன கதை எந்தப் பத்திரிகைச் செய்தியையும்விட வேகமாகப் பரவியது. 2007 இல் மகாராணியின் கௌரவப் பட்டம் ஸ்டேர்லிங்குக்குக் கிடைத்தது.

2003 இல் குடியிருப்பாளர்களிடம் நடத்திய ஒரு கருத்தாய்வில், இந்த இடம் பாதுகாப்பற்றது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே. களவும் கொள்ளையும் மிகவும் குறைந்தன. குடியிருப்புக்கென்றே வைத்திருந்த தனிப் பொலிஸ் பிரிவு தேவையில்லை என்று கலைக்கப்பட்டது. இதைச் செய்து முடிக்கப் பிடித்த காலம், 1985 இலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 18 ஆண்டுகள்.

திரும்ப வந்த பழைய பெயர்

2011 ஓகஸ்ட் 4 ஆம் திகதி, டொட்டன்ஹாம் ஹேல் ரயில் நிலையத்துக்கு அருகே மார்க் டகன் என்ற இளைஞரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். அவர் புரோட்வோட்டர் ஃபார்மில் வளர்ந்தவர். இரு தரப்பும் சுட்டுக்கொண்டதாக ஆரம்பத்தில் ஊடகங்களுக்குத் தகவல் போனது. அந்தத் தகவலைக் கொடுத்தது பொலிஸாரை விசாரிக்க வேண்டிய சுயாதீன ஆணைக்குழு. அது தவறு என்று பிறகு அந்த ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டது. பொலிஸ்காரர் ஒருவரின் வானொலிக் கருவியில் பதிந்திருந்த ரவையும் பொலிஸாருடையதே.

6 ஆம் திகதி டகனின் உறவினர்களும் அயலவர்களும் குடியிருப்பிலிருந்து டொட்டன்ஹாம் பொலிஸ் நிலையத்துக்கு அமைதியாக நடந்து போனார்கள். உயர் அதிகாரி ஒருவர் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. மணித்தியாலக் கணக்கில் காத்திருந்தார்கள். இருட்டிய பிறகு பிரதான வீதியில் வன்முறை வெடித்து, அடுத்த நாட்களில் லண்டன் எங்கும், பிற நகரங்களுக்கும் பரவியது. 2014 இல் மரண விசாரணை ஜூரிகள், சுடப்பட்ட நேரத்தில் டகனின் கையில் துப்பாக்கி இருக்கவில்லை என்று பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். ஆயினும் அது சட்டபூர்வமான கொலை என்றும் தீர்ப்பளித்தார்கள்.

எரிந்தது பிரதான வீதி. ஆனால் பத்திரிகைகள் 1985 இன் படங்களைத் தூசி தட்டி எடுத்தன. பதினெட்டு ஆண்டுக் கஷ்டம் ஒரு பந்திக்குள் அடங்கிவிட்டது. கெட்ட பெயர் சாவதில்லை, அலுமாரிக்குள் தூங்குகிறது.

ஆனாலும் 1985 க்கும் 2011 க்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தத் தடவை கமராவின் முன் நின்று பேசக்கூடிய, பத்திரிகையாளர்களுக்குப் பழக்கமான முகங்கள் குடியிருப்பில் இருந்தன. சமூக நிலையம் இருந்தது, உதைபந்தாட்ட அணிகள் இருந்தன. பக்கத்துப் பூங்காவைக் குடியிருப்பாளர்களும் அயலவர்களும் கூடித் திருத்திக்கொண்டிருந்தார்கள். எந்த ஆற்றுக்குப் பயந்து இந்தக் குடியிருப்பைத் தூண்களில் ஏற்றினார்களோ, அந்த மொசல் ஆற்றைப் பூங்காவினூடாகத் திறந்தவெளியில் ஓட விட்டார்கள். இன்று பிள்ளைகள் அதன் கரையில் விளையாடுகிறார்கள்.

இன்னொரு அத்தியாயமும் உண்டு. 2017 இல் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்களைப் பலிகொண்ட தீ விபத்துக்குப் பிறகு, பழைய தொடர்மாடிகள் எங்கும் பரிசோதிக்கப்பட்டன. டங்மியரும் நோர்தோல்டும் கட்டமைப்பில் பாதுகாப்பற்றவை என்று 2018 இல் தெரியவந்தது. குடும்பங்களை வெளியேற்றி, இரண்டையும் இடித்தார்கள். 2022 இல் குடியிருப்பாளர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. புதிய வீடுகளும் புனரமைப்பும் கொண்ட திட்டத்துக்கு, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஆம் என்றார்கள். 1976 இல் மக்களைக் கேட்காமலே இடிக்கலாம் என்று எழுதியவர்கள், 46 ஆண்டுகள் கழித்து மக்களின் கையில் வாக்குச் சீட்டைக் கொடுத்துக் கேட்க வேண்டி வந்தது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பது நம் எண்ணம்.

நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை

பெயரை மீட்கும் வேலை பக்கத்து வீட்டில் தொடங்குகிறது. சாப்பாட்டுக் கோப்பையோடு தட்டிய கதவுகள்தான் முதல் ஊடகம். இளவரசி வந்ததும் கமரா வந்ததும் அதற்குப் பிறகே. 1985 இல் கமராக்கள் எதிரிகளானபோதும் சங்கம் நிலைத்து நின்றதற்குக் காரணம், அது கமராக்களை நம்பி உருவாகாததுதான்.

குற்றத்தை மறைத்துப் பெயரைக் காப்பாற்ற முடியாது. ஒருவரின் குற்றத்தை எல்லோரும் சுமக்கவும் தேவையில்லை. பிளேக்லொக்கின் கொலை கொலைதான். நம்பத்தகாத சாட்சியத்தால் மூவரைத் தண்டித்தது அநியாயம்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த மக்களின் பேச்சுக்குத்தான் கடைசியில் பெறுமதி கிடைத்தது.

எழுதி வையுங்கள். நம் தெருவில் யார் என்ன நல்லது செய்தார், எந்த ஆண்டில் எந்தச் சங்கம் உருவானது, எந்தக் கோரிக்கைக்கு எந்த அதிகாரி என்ன பதில் தந்தார் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், வெளியிலிருந்து ஒரு நாள் வந்து போகிறவர் எழுதுவதே வரலாறாகிவிடும்.

கடைசியாக, பிள்ளைகளுக்கு. விலாசத்தைச் சொல்லக் கூச்சப்படும் மாணவர்களை நாம் வகுப்பறைகளில் பார்க்கிறோம். அவர்களிடம் விலாசத்தை மாற்றி எழுதச் சொல்ல வேண்டாம். அந்த விலாசத்துக்கு நல்ல அர்த்தம் தேடிக் கொடுக்கும் வேலையில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். பந்தும் ஒரு சின்ன மைதானமும் கிழமைக்கு ஒருநாள் நேரம் ஒதுக்கக்கூடிய நாலு பெரியவர்களும் இருந்தால் தொடங்கலாம்.

உங்கள் பகுதியில் இப்படிப் பெயர் மீட்ட அனுபவங்கள் இருந்தால் எழுதுங்கள். நாம் எல்லோரும் அறிந்துகொள்வோம்.